‘ஹெட்’ சேர்ந்த ஆங்கிலக் கூட்டுச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்லைட், ஹெட்லைன், ஹெட்ஏக் என்று ‘ஹெட்’ முன்னால் வரும் சொற்கள் ஒருபுறம். ஓவர்ஹெட், லெட்டர்ஹெட், ஹாட்ஹெட் என்று அது பின்னால் வரும் சொற்கள் மறுபுறம். இரண்டையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் நூற்றுக்கும் மேல் தேறும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் இலக்கணத்தில் தொகைச்சொல்லை விரித்துப் பொருள் கண்ட பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில் சில பொறிகள் உண்டு, அவற்றைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

முன்பின் தெரியாத கூட்டுச்சொல் ஒன்று வந்தால் பொருளை எப்படிக் கணிப்பது?

முதலில் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஆங்கிலக் கூட்டுப்பெயர்களில் பொருள் எந்த வகை என்பதைப் பெரும்பாலும் கடைசிப் பகுதிதான் சொல்லும். ஹெட்லைட் ஒரு விளக்கு, ஹெட்ஸ்கார்ஃப் ஒரு துணி, ஆரோஹெட் ஒரு முனை. முன்பகுதி அதற்கு அடைமொழி.

அடுத்து, இரண்டுக்கும் நடுவே மறைந்திருக்கும் உறவை விரித்துப் பாருங்கள். ஹெட்ஏக் என்பது தலையில் உண்டாகும் வலி. ஹெட்ஸ்கார்ஃப் தலைக்குக் கட்டும் துணி. ஆரோஹெட் அம்பினது முனை. ஹெட்கவுன்ட் தலைகளை எண்ணுவது. நான்கும் நம் வேற்றுமைத்தொகை போலவே விரிகின்றன. இல், கு, அது, ஐ ஆகிய உருபுகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஒன்று பொருந்திவிடும். ஹெட்மாஸ்டர் மட்டும் வேறு வகை: தலைமையான ஆசிரியர் என்று பண்புத்தொகை போல விரியும்.

எந்த உருபும் பொருந்தாவிட்டால் மூன்று வாய்ப்புகள் மிச்சம். சொல் ஓர் ஆளைக் குறிக்கலாம். ‘ஹெட்’ அங்கே தலை அல்லாத வேறு பொருளில் வந்திருக்கலாம். அல்லது அது கூட்டுச்சொல்லே அல்லாமல் இருக்கலாம். மூன்றுக்கும் கீழே பதில் உண்டு.

ஹெட்லைட்டில் தலை எங்கே இருக்கிறது?

வண்டியின் முன்பக்கத்தில். ‘ஹெட்’ உடலுறுப்பை மட்டும் குறிப்பதில்லை. கூட்டுச்சொற்களில் அதற்கு ஐந்தாறு பொருள்கள் உண்டு, அவற்றுள் பலவற்றைத் தமிழின் ‘தலை’யும் சுமக்கிறது.

உடலின் தலை என்ற நேர்ப்பொருளில் வருபவை எளியவை: ஹெட்ஏக், ஹெட்ஃபோன், ஹெட்பேண்ட், ஹெட்ரெஸ்ட். ஒன்று மட்டும் கவனியுங்கள். காரில் இருக்கும் ஹெட்ரெஸ்ட் சாய்ந்து ஓய்வெடுக்க மட்டும் வைத்ததல்ல. பின்னாலிருந்து மோதல் நேரும்போது தலை பின்னால் சடாரென மடிந்து கழுத்து அடிபடாமல் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதனால் தொழில்நுட்பக் கையேடுகள் அதை ‘ஹெட் ரெஸ்ட்ரெய்ன்ட்’ என்று எழுதுகின்றன.

முன்பக்கம் என்ற பொருளில் ஹெட்லைட், ஹெட்வின்ட் இரண்டும் வரும். ஹெட்வின்ட் என்பது எதிர்க்காற்று. காற்றுக்குள் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் எதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தரையை ஒப்பிட்ட வேகம் 700 ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால், அதாவது டெயில்வின்டாக இருந்தால், வேகம் 900. பொருளாதாரச் செய்திகளில் ‘ஹெட்வின்ட்ஸ்’ என்று பன்மையில் வந்தால் வளர்ச்சிக்கு எதிராக நிற்கும் சூழ்நிலைகள் என்று பொருள்.

மேற்பகுதி, உச்சி என்ற பொருளில் ஹெட்லைன், லெட்டர்ஹெட் வரும். தலைமை என்ற பொருளில் ஹெட்மாஸ்டர், ஹெட்குவார்ட்டர்ஸ் வரும். ஆள் எண்ணிக்கை என்ற பொருளில் ஹெட்கவுன்ட் வரும், நாம் ‘தலைக்கு இரண்டு’ என்பது போல.

தொடக்கம் என்ற பொருளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஹெட்வாட்டர்ஸ் என்றால் ஆறு பிறக்கும் இடத்திலுள்ள ஓடைகள். ஹெட்வர்க்ஸ் என்றால் கால்வாய் தொடங்கும் இடத்தில் நீரைத் திருப்பக் கட்டிய மதகும் தடுப்பும். தலைமடை, தலைமதகு என்று சொல்லும் தமிழருக்கு இந்தச் சொற்கள் அந்நியமாக இருக்க நியாயமே இல்லை. ட்ரெயில்ஹெட் என்றால் மலையேற்றப் பாதை தொடங்கும் இடம். ரெயில்ஹெட் என்பது கட்டப்பட்டுவரும் இருப்புப்பாதை அதுவரை எட்டியிருக்கும் கடைசிப் புள்ளி. இங்கே தொடக்கம் முனையாகிவிட்டது.

ஹாட்ஹெட், எக்ஹெட், ரெட்ஹெட் என்பவை ஏன் தலையைக் குறிக்காமல் ஆளைக் குறிக்கின்றன?

இவை அன்மொழித்தொகைகள். ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வளையல் நடந்து வரவில்லை, அதை அணிந்த பெண் வந்தாள். அதே முறையில் ரெட்ஹெட் என்றால் சிவந்த முடி உள்ளவர். ஹாட்ஹெட் சட்டென்று கொதித்து யோசிக்காமல் இறங்குபவர். எக்ஹெட் படிப்பாளி, அதிலும் உலக நடப்பு தெரியாத படிப்பாளி என்ற ஏளனம் கலந்த சொல். ‘கடைசிப் பகுதியே வகையைச் சொல்லும்’ என்ற விதி இங்கே செல்லாது. சொல்லின் மையம் சொல்லுக்கு வெளியே இருக்கிறது.

பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. இந்த வகைச் சொற்களில் பெரும்பாலானவை வசைகள். பிளாக்ஹெட் (கறுப்பு அல்ல, கட்டை என்ற பொருளுள்ள ‘பிளாக்’), ஏர்ஹெட் இரண்டும் மந்தபுத்திக்காரரைக் குறிக்கும். ஸ்கின்ஹெட் என்பதை மொட்டையடித்த யாருக்கும் சொல்லிவிடக் கூடாது. அது 1960களில் பிரிட்டனில் தோன்றிய ஓர் இளைஞர் குழுப்பண்பாட்டின் பெயர், பிற்காலத்தில் அதன் ஒரு பிரிவு இனவெறி வன்முறையோடு இணைந்ததால் இன்று அந்தச் சொல்லுக்குக் கறை படிந்திருக்கிறது.

ஹாட்ஹெட், ஹாட்ஹெடட்: இரண்டில் எதை எங்கே?

முதலாவது பெயர்ச்சொல், இரண்டாவது பெயரடை. ‘ஹீ இஸ் எ ஹாட்ஹெட்’ சரி, ‘ஹீ இஸ் ஹாட்ஹெடட்’ என்பதும் சரி. ‘ஹீ இஸ் ஹாட்ஹெட்’ பிழை.

எல்லாச் சொற்களுக்கும் இரு வடிவங்களும் கிடையாது. லெவல்ஹெடட் (நிதானம் தவறாதவர்), பிக்ஹெடட் (தலைக்கனம் பிடித்தவர்), பிக்ஹெடட்டோடு ஓசை ஒத்துக் குழப்பும், பன்றியைக் குறிக்கும் ‘பிக்’ சேர்ந்த பிக்ஹெடட் (முரட்டுப் பிடிவாதக்காரர்) ஆகியவை பெயரடையாகவே அதிகம் புழங்குகின்றன. கடைசி இரண்டையும் காதால் பிரிப்பது கடினம்: தலைக்கனத்தைக் குறிக்கும் சொல்லில் நடு மெய் ‘க்’ போலல்லாமல் மெலிந்த ககரமாக ஒலிக்கும், பன்றிக்குரிய சொல்லிலும் அப்படியே. வேறுபடுவது முதலெழுத்து மட்டும்: முன்னது உதடு அதிர்ந்து மெலிந்து ஒலிக்கும் பகரம், பின்னது அழுத்திச் சொல்லும் வல்லின ‘ப்’. லைட்ஹெடட் என்பதை ‘தலைக்கனம் இல்லாதவர்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தலை கிறுகிறுத்து மயக்கம் வருவது போல் இருக்கும் நிலைக்குத்தான் அந்தச் சொல். மருத்துவரிடம் சொல்லும் இடத்தில் இது முக்கியம்.

ஹெட்ஸ்ட்ராங் என்றால் மனவலிமை உள்ளவரா?

இல்லை. பிறர் சொல் கேளாமல் தன் போக்கில் போகும் பிடிவாதக்காரர். பரிந்துரைக் கடிதத்தில் பாராட்டாக நினைத்து இதை எழுதினால் விண்ணப்பிப்பவருக்குக் கெடுதல் செய்ததாகிவிடும். மனவலிமையைச் சொல்ல ‘ஸ்ட்ராங்-வில்ட்’ அல்லது ‘டிடெர்மின்ட்’ போதும்.

ஹெட்லாங் என்பதில் நீளம் எங்கிருந்து வந்தது?

நீளத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘ஹெட்லிங்’. ‘லிங்’ என்பது திசையைக் காட்டும் பழைய விகுதி, ‘தலைப்பக்கமாக’ என்று பொருள் தரும். அந்த விகுதி வழக்கொழிந்ததும் மக்கள் தமக்குத் தெரிந்த ‘லாங்’ என்ற சொல்லாக அதை மாற்றிக்கொண்டார்கள். சைட்லாங் என்பதற்கும் இதே கதைதான்.

இன்று ஹெட்லாங் என்றால் தலைகுப்புற. அதிலிருந்து, யோசிக்காமல் அவசரமாக ஒன்றில் குதிப்பதையும் குறிக்கும். வினையடையாகவும் பெயரடையாகவும் வடிவம் மாறாமல் வரும்: ‘ஹீ ஃபெல் ஹெட்லாங்’, ‘எ ஹெட்லாங் ரஷ்’. இதோடு ‘லி’ சேர்க்க வேண்டாம்.

ஹெட்லைன், ஹெட்டிங், ஹெடர், ஹெட்வேர்ட், மாஸ்ட்ஹெட்: எல்லாமே தலைப்புதானா?

தமிழில் எல்லாவற்றையும் ‘தலைப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது இடறுகிறது. செய்தியின் மேல் வருவது ஹெட்லைன். கட்டுரையின் உட்பிரிவுக்கு மேல் வருவது ஹெட்டிங். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் திரும்பத் திரும்ப வருவது ஹெடர், அடியில் வந்தால் ஃபூட்டர். ஹெட்டிங்கும் ஹெடரும் கூட்டுச்சொற்கள் அல்ல, விகுதி சேர்ந்தவை. அகராதியில் தடித்த எழுத்தில் தொடங்கும் பதிவுச்சொல் ஹெட்வேர்ட்.

மாஸ்ட்ஹெட் முதலில் கப்பலின் பாய்மர உச்சி. பத்திரிகைத் துறையில் அது இரண்டு பொருளில் புழங்குகிறது. பிரிட்டனில் முதல் பக்க உச்சியில் உள்ள இதழின் பெயர். அமெரிக்காவில் ஆசிரியர், வெளியீட்டாளர் பெயர்கள் அச்சாகும் கட்டத்துக்கே அந்தப் பெயர், முதல் பக்கப் பெயரை அங்கே ‘நேம்பிளேட்’ என்பார்கள். அமெரிக்க இதழுக்கு வடிவமைத்துக் கொடுப்பவர் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

லெட்டர்ஹெட் என்பது நிறுவனத்தின் பெயர், முகவரி அச்சடித்த கடிதத்தாள், அல்லது அந்த அச்சுப்பகுதி.

கப்பலிலிருந்து வந்த சொற்கள் எவை?

ஆங்கிலத்தில் கடல்வாழ்க்கை விட்டுச்சென்ற சொற்கள் ஏராளம், ‘ஹெட்’ குடும்பத்தில் அது நன்றாகத் தெரியும். ஹெட்வே என்றால் கப்பல் முன்னோக்கி நகர்வது. அதிலிருந்துதான் ‘மேக் ஹெட்வே’ என்ற வழக்கு வந்தது: தடைகளுக்கு நடுவே மெல்ல முன்னேறுவது. இதற்குப் பன்மை இல்லை, முன்னால் ‘எ’ போடுவதும் இல்லை. பேருந்து, ரயில் இயக்கத்தில் மட்டும் இதே சொல் வேறொன்றைக் குறிக்கும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள நேர இடைவெளி அங்கே ஹெட்வே. ஐந்து நிமிட ஹெட்வே என்றால் மணிக்குப் பன்னிரண்டு வண்டி.

ஃபிகர்ஹெட் மரக்கப்பலின் முகப்பில் செதுக்கி வைத்த உருவம். எல்லாருக்கும் முன்னால் நிற்கும், ஆனால் கப்பலைச் செலுத்தாது. ஆகவே பதவியில் மட்டும் தலைவராக இருந்து அதிகாரம் இல்லாதவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மரியாதைச் சொல் என்று நினைத்து ஒரு தலைவரை இப்படி அழைத்துவிட வேண்டாம்.

பல்க்ஹெட் கப்பலையும் விமானத்தையும் உள்ளே அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச்சுவர். இதிலுள்ள ‘பல்க்’ பெரிய அளவைக் குறிக்கும் சொல்லல்ல. தடுப்பு என்ற பொருளுடைய பழைய நார்ஸ் சொல்லின் வழியாக வந்தது. விமானத்தில் ‘பல்க்ஹெட் சீட்’ என்று இருந்தால் அது தடுப்புக்கு நேர் பின்னால் உள்ள முதல் வரிசை. முன்னால் இருக்கை இல்லை என்பதால் அதன் அடியில் பையை வைக்க முடியாது, மேலேதான் வைக்க வேண்டியிருக்கும்.

ஓவர்ஹெட் என்பது ஒரு சமயம் செலவு, ஒரு சமயம் வானம். எப்படிப் பிரித்தறிவது?

வாக்கியத்தில் அது செய்யும் வேலையைப் பாருங்கள். ‘பேர்ட்ஸ் ஃப்ளூ ஓவர்ஹெட்’ என்பதில் வினையடை: தலைக்கு மேலே. ‘ஓவர்ஹெட் டேங்க்’ என்பதில் பெயரடை. பெயர்ச்சொல்லாக வந்தால் உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய மாறாத பொதுச் செலவு: வாடகை, காப்பீடு, அலுவலக நிர்வாகம் போன்றவை. பிரிட்டனில் இதைப் பன்மையில் ‘ஓவர்ஹெட்ஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ஒருமையே வழக்கு. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. வினையடையில் அழுத்தம் ‘ஹெட்’ மீது விழும், மற்ற இரண்டிலும் ‘ஓ’ மீது விழும். கணினித் துறையில் ‘ஓவர்ஹெட்’ என்றால் அசல் வேலைக்கு வெளியே நேரமும் நினைவகமும் செலவாவது.

ஹெட்ரூம், ஹெட்ஸ்பேஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. பாலத்தின் அடியில் போகும் வண்டிக்கு மேல் மிஞ்சும் உயரம் ஹெட்ரூம். ஒலிப்பதிவில், வழக்கமான ஒலி மட்டத்துக்கும் ஒலி சிதையத் தொடங்கும் உச்ச மட்டத்துக்கும் நடுவே விட்டுவைக்கும் இடமும் அதுவே. ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய புட்டியில் உள்ளிருக்கும் பண்டத்துக்கும் மூடிக்கும் நடுவே உள்ள காலியிடம். பேச்சு வழக்கில் ஒருவரின் மனநிலையையும் ‘ஹெட்ஸ்பேஸ்’ என்கிறார்கள்.

பிரிட்ஜ்ஹெட், பீச்ஹெட், ஸ்பியர்ஹெட், வார்ஹெட் எல்லாம் போர்ச் சொற்களா?

ஆம், ஆனால் நான்கும் வேறு வேறு. பிரிட்ஜ்ஹெட் என்பது ஆற்றைக் கடந்து எதிரியின் கரையில் பிடித்து வைத்திருக்கும் இடம், பாலத்தின் நடுவோ நம் பக்கத்து முனையோ அல்ல. கடல்வழியே இறங்கிப் பிடித்தால் பீச்ஹெட். வார்ஹெட் ஏவுகணையில் வெடிபொருள் இருக்கும் பகுதி. ஸ்பியர்ஹெட் வேல்முனை, அதிலிருந்து தாக்குதலிலோ இயக்கத்திலோ முன்னணியில் நிற்பவர். இது வினையாகவும் வரும், இறந்தகாலம் ‘ஸ்பியர்ஹெடட்’.

ஹெட்ஹன்டர், ஹெட் ஸ்டார்ட், ஹெட்ஸ்-அப்: அலுவலக மின்னஞ்சல்களில் வரும் இவற்றுக்கு என்ன பொருள்?

ஹெட்ஹன்டர் வேறு நிறுவனத்தில் ஏற்கெனவே நல்ல பதவியில் இருப்பவரைத் தேடிப் பிடித்து இன்னொரு நிறுவனத்துக்கு அழைத்துவரும் ஆள்சேர்ப்பாளர். எதிரியின் தலையைக் கொய்து வைக்கும் வழக்கம் கொண்டவர் என்பது அதன் பழைய பொருள். ஹெட் ஸ்டார்ட் என்றால் மற்றவர்களுக்கு முன்பே தொடங்கக் கிடைத்த வாய்ப்பு. ஹெட்ஸ்-அப் என்றால் முன்கூட்டியே தரும் தகவல். அதில் ‘ஸ்’ இருந்தாலும் ஒருமைதான்: ‘எ ஹெட்ஸ்-அப்’.

சேர்த்து எழுதுவதா, சிறுகோடு போடுவதா, பிரித்து எழுதுவதா?

இதற்கு முழுமையான விதி இல்லை, போக்குதான் உண்டு. புதிய சொற்கள் பிரிந்து தொடங்கிப் பழகப் பழகச் சேர்ந்துவிடுகின்றன. 2007இல் வெளியான ‘ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட்’ அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து சிறுகோட்டை நீக்கியது. ஆகவே பழைய புத்தகத்தில் கண்ட வடிவத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

இப்போதைய வழக்கு இது. ஹெட்லைட், ஹெட்ஏக், ஹெட்குவார்ட்டர்ஸ், லெட்டர்ஹெட் போன்றவை சேர்ந்தே வரும். ஹெட் ஸ்டார்ட், ஹெட் டீச்சர், ஹெட் ஆஃபீஸ் பிரிந்தே வரும். ஹெட்-ஆன், ஹெட்-டு-ஹெட் போன்றவை பெயருக்கு முன்னால் பெயரடையாக நின்றால் சிறுகோடு வேண்டும். ஹெட்கவுன்ட் இரு வடிவிலும் காணப்படுகிறது. ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

வினைத்தொடரைக் கூட்டுச்சொல்லாக்கிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. ‘ஹெட் ஆஃப்’ (தடுத்து நிறுத்துதல், புறப்படுதல்), ‘ஹெட் ஃபார்’ (ஓரிடம் நோக்கிப் போதல்) ஆகியவற்றை ஒருபோதும் சேர்த்து எழுதக் கூடாது.

அழுத்தம் எங்கே விழும்?

கூட்டுப்பெயரில் பெரும்பாலும் முதல் பகுதியில். ‘ரெட்’ மீது அழுத்தினால் சிவந்த முடிக்காரர், ‘ஹெட்’ மீதும் அழுத்தினால் சிவப்பான ஒரு தலை. விதிவிலக்குகளும் உண்டு. பிரிட்டன் உச்சரிப்பில் ஹெட்மாஸ்டர், ஹெட்குவார்ட்டர்ஸ் இரண்டிலும் முதன்மை அழுத்தம் இரண்டாம் பகுதிக்குப் போகும். அமெரிக்கர் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ என்பதை முதல் பகுதியில் அழுத்துவதே அதிகம். ஃபோர்ஹெட் என்பதைப் பழைய தலைமுறை ஆங்கிலேயர் ‘ஃபாரிட்’ என்று சொல்வதைக் கேட்டால் குழம்ப வேண்டாம், அதே நெற்றிதான்.

ஒருமை, பன்மை, ‘எ’ போடுவது இவற்றில் எங்கே தவறு நேர்கிறது?

அதிகம் தவறுவது ஹெட்ஏக்கில்தான். ‘ஐ ஹேவ் ஹெட்ஏக்’ பிழை, ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’ என்றே சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல்வலியை ‘எ’ இல்லாமல் ‘ஐ ஹேவ் டூத்ஏக்’ என்பார்கள், அதைக் கேட்டு இதையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஹெட்குவார்ட்டர்ஸ் ஒரே கட்டடமானாலும் இறுதி ‘ஸ்’ போகாது. வினை ஒருமையிலும் வரலாம், பன்மையிலும் வரலாம். ஹெட்ஃபோன்ஸ் பன்மையில் வரும், ஒன்றைச் சொல்ல ‘எ பேர் ஆஃப்’ சேர்க்க வேண்டும். ஹெட்செட் ஒருமை. ‘ஹெட் ஆஃப் ஸ்டேட்’ பன்மையானால் ‘ஹெட்ஸ் ஆஃப் ஸ்டேட்’, ‘ஸ்’ முதல் சொல்லில். கால்நடைகளை எண்ணும்போது மட்டும் ‘ஸ்’ வராது: ‘டென் ஹெட் ஆஃப் கேட்டில்’.

தலைபோலத் தெரிந்து தலை அல்லாதவை உண்டா?

காட்ஹெட் (இறைத்தன்மை), மெய்டன்ஹெட் (கன்னித்தன்மை) இரண்டிலும் உள்ள ‘ஹெட்’ ஒரு விகுதி. சைல்ட்ஹுட், பிரதர்ஹுட் என்பவற்றில் வரும் ‘ஹுட்’ விகுதியோடு உறவுடையது. தமிழில் ‘மை’, ‘தன்மை’ செய்யும் வேலையை அது செய்கிறது. பிஹெட் (தலையைத் துண்டித்தல்) என்பதில் தலை உண்டு, ஆனால் முன்னொட்டு சேர்ந்த சொல், கூட்டுச்சொல் அல்ல.

தலை இருந்தும் தெரியாத சொல்லும் உண்டு: ஹேண்ட்கர்ச்சீஃப். ‘கர்ச்சீஃப்’ என்பது பழைய பிரெஞ்சில் தலையை மூடும் துணி. அதன் ‘சீஃப்’ லத்தீனின் ‘கபுட்’ என்ற தலையிலிருந்து வந்தது. கைக்குட்டைக்குள் கையும் தலையும் சேர்ந்தே இருக்கின்றன. கேப்டன், கேப்பிட்டல், சாப்டர், பெர் கேப்பிட்டா எல்லாம் அந்தக் ‘கபுட்’ வழி வந்தவை.

அகராதியில் இவற்றை எப்படித் தேடுவது?

‘ஹெட்’ முன்னால் வருபவை அகராதியில் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். பின்னால் வருபவை சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு இணையத்தில் ‘ஒன்லுக்’ அகராதித் தேடலைத் திறந்து, முதலில் ஒரு நட்சத்திரக்குறியும் அதை ஒட்டி ‘ஹெட்’ என்பதன் ஆங்கில எழுத்துகளும் இட்டால், அதில் முடியும் சொற்கள் வரிசையாக வரும். பட்டியல் நீளமாக இருக்கும், ஊர்ப்பெயர்களும் கலந்திருக்கும். பழகிய சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் அகரவரிசையில் எழுதாமல், முன்பக்கம், உச்சி, தலைமை, தொடக்கம், ஆள் என்று ‘ஹெட்’ தரும் பொருளின்படி பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விரித்த தமிழ்த்தொடரையும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தையும் எழுத வேண்டும். வாக்கியம் இல்லாமல் பொருளை மட்டும் எழுதினால் ‘எ’ வருமா, ‘ஸ்’ வருமா என்பது பதியாது.